ஏழு கால் தோல்

கட்டை இரண்டாகப் பிளந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கால்தான். என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கறுப்பும் சாம்பலுமாக மயிர் மூடி, சிமெந்துத் தரையில் தனியாகக் கிடந்து மடங்கி மடங்கி நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் காலுக்கு உரியதைப் பார்த்தேன். கட்டையின் நடுப்பொந்தில் வெள்ளை நூலால் மெத்தை மாதிரி பின்னி, அதன்மேல் விரித்த கையளவில் உட்கார்ந்திருந்தது. ஓடவில்லை. முன்கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது.

போன வருஷம் ஆடி மாதம். எங்கள் தேயிலைத் தோட்டம் திம்புள்ளப் பக்கம். ஆடி என்றால் அங்கே வெயிலைப் பார்க்க முடியாது. மழையும் மப்பும் மாறி மாறி வரும். ரோட்டோரம் நின்ற பழைய சவுக்கு மரத்தைத் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கட்டையை நானே இழுத்து வந்து, லயத்து வரிசை வீடுகளில் என் ஒற்றையறைக் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையில் மழை படாமல் வைத்திருந்தேன். முழங்கால் வலி வந்த பிறகும் விறகு பிளக்க நான் ஆள் வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் கோடரி என் கையில்தான்.

எட்டுக்கால் பூச்சியை எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வகையையும் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மரப்பொந்தில் இருக்கும், பழைய கட்டடங்களில் கூரை மரத்தில் இருக்கும். சிங்கள ஆட்கள் திவிமக்குளுவா என்பார்கள், பார்த்தால் விலகிப் போவார்கள். எங்கள் ஆட்கள் விளக்குமாற்றால் அடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். அன்றைக்கு விளக்குமாறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அது அதன் வீட்டுக்குள் இருந்தது. கோடரியோடு போனது நான்.

மாவு சலிக்கும் பழைய அரிதட்டைக் கவிழ்த்து மூடினேன். மேலே அம்மிக்குழவியை வைத்தேன். பிறகு உள்ளே போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். குடித்து முடித்ததும், நான் வெட்டினேன், நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் செய்தேன். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள் நான். அவசரத்தில் ஒரு கிளையை முறித்துவிட்டு முறிக்காதது போல அடுத்த செடிக்குப் போனதில்லை.

மறுநாள் பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போனேன். நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம், டொபி மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று காலியாக இருந்தால் தரச் சொன்னேன்.

"ஊறுகா போடவாம்மா?"

"இல்ல நானா. ஒரு ஆளத் தங்க வைக்கணும்."

"போத்தலுக்குள்ள தங்குற ஆளு யாரும்மா?"

"எட்டுக்கால் பூச்சி. இப்ப ஏழுதான்."

நானா தராசைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் சிரித்தார். "அப்ப ஒங்களுக்குக் காம்பரா ரெண்டாச்சு. தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிறாதீங்க, ஒண்ணப் புடுங்கிக்குவாரு" என்றார். மூடி இறுக்கமான போத்தலாகத் தேடி எடுத்துத் துடைத்தும் கொடுத்தார்.

அடுப்பில் கம்பியைச் சுடவைத்து மூடியில் ஓட்டை போட்டேன். அடியில் ஈர மண். பிளந்த கட்டையிலிருந்தே ஒரு பட்டைத் துண்டை எடுத்து உள்ளே நட்டமாகச் சாய்த்து வைத்தேன். அது மரத்தில் ஏறி இருக்கிற ஜாதி; தரையில் விட்டால் அதற்கு வீடாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. சோடா மூடியில் தண்ணீர். அரிதட்டுக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகித் தூக்கி, கை படாமல் அதை உள்ளே இறக்கினேன். வெளியே ஒரு காகிதம் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் உலையில் அரிசி குழைந்துவிட்டது.

முதல் நாலைந்து நாள் பட்டைக்குப் பின்னாலேயே இருந்தது. கால் போன இடத்தில் ஒரு துளி நீர் கட்டி, காய்ந்து, கறுப்பாக முடிச்சுப் போட்டது. அடுப்புச் சந்தில் பிடித்த கரப்பானைப் போட்டேன். சீண்டவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கரப்பானின் இறக்கை மட்டும் ஈர மண்ணில் கிடந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியக்காரி என்பார்கள். இந்தக் காம்பராவில் நான் போட்டதை இன்னொரு வாய் சாப்பிட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஏழு வருஷத்தில் ஒரு தடவை வந்தாள், பதினைந்து நாள் இருந்தாள். அவளைக் குறைபட்டு இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அதற்காகவே முகம் தெரிகிற போன் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, மழையா. மூன்று கேள்வி. நானும் மூன்று பதில் சொல்லுவேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பிறகு அவளை யாராவது கூப்பிடுவார்கள்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண் இருக்கிறாள். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவள், இன்னும் கொழுந்துக்குப் போகிறாள், பின்னால் தொழுவத்தில் செவலைப் பசு ஒன்று வைத்திருக்கிறாள். என்னைப் பெரியம்மா என்பாள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். அவள் தாளித்தால் நான் தும்முவேன். நான் இருமினால் அவள் "சுடுதண்ணி குடிங்க பெரியம்மா" என்பாள்.

பூச்சியைப் பார்த்த அன்று அவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, இது செவுத்துக்கு மேலால என் பக்கம் வந்துச்சுன்னா?"

"மூடி இருக்குல்ல."

"மூடி இருக்கு. நீங்க மூடுறது ஞாவகம் இருக்கணுமே."

இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என் ஞாபகத்தைப் பற்றி ஒருவர் பேச நான் இதுவரை இடம் கொடுத்ததில்லை. "எனக்கு ஞாவகம் இருக்கும். ஒனக்குப் பயமா இருந்தா செவுத்த ஒசத்திக் கட்டிக்க" என்றேன். அவள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தோம். மலைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழும் இடம் அது. லயத்துப் பெண்கள் எல்லாம் அங்கேதான் குளிப்போம், துவைப்போம். ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருத்தி என் பூச்சியைப் பற்றிக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள்:

"பெரியம்மா பெத்தது பறந்துருச்சு. இதுக்கு இறக்கை கெடையாது, அதான் போத்தல்ல போட்டு வளக்குறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்திருப்பாள். அவள் வாய் எப்போதும் அப்படித்தான், அதற்கு முன் எத்தனையோ தடவை நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று முடியவில்லை. அலசாத துணியை அப்படியே பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு ஏறி வந்துவிட்டேன். சோப்பு போகாத சேலை காய்ந்து அட்டை மாதிரி நின்றது.

அன்றோடு பேச்சு நின்றது. இருமினால் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இருமினேன்.

எங்கள் லயத்தில் பேச்சு நின்றுபோனவர்கள் சும்மா இருப்பதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார்கள், கோழியிடம் சொல்வார்கள், எரியாத அடுப்பிடம் சொல்வார்கள். கேட்க வேண்டிய ஆளுக்குக் கேட்கும். சாடை பேசுவது என்போம். பக்கத்துக் காம்பராக்காரிக்கு அவள் பசு இருந்தது. தொழுவம் என் பின்சன்னலுக்கு நேரே.

"ஏய், ஒனக்கு என்னாடி அவ்வளவு ரோசம்? ஒரு வார்த்த சொன்னா மூஞ்சத் திருப்பிக்குவியா?" என்பாள் பசுவிடம். "ரோசத்த வச்சு ஒல கொதிக்குமா?"

அந்தப் பசுவுக்கு ரோசம் என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. சன்னலைச் சாத்துவேன்.

பேச ஆள் இல்லாமல் போனதும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் கூடிவிட்டது. மாலையில் அடுப்பு வெளிச்சத்தில் அது மெல்ல வெளியே வரும். ஒரு காலை எடுத்து வைத்து, நின்று, யோசித்து, அடுத்த காலை வைக்கும். முதுகில் இலை வரைந்த மாதிரி ஒரு கோலம். பட்டையின் மேல்பக்கத்தில் வெள்ளையாகப் புதிதாய் ஒரு மெத்தை கட்டியது. பழைய வீட்டை நான் உடைத்தேன், அது இன்னொன்று கட்டிக்கொண்டது. நான் அதைக் கையில் எடுத்ததில்லை, தடவியதில்லை. அதற்கு அது பிடிக்காது. தண்ணீர் மாற்ற மூடியைத் திறந்தால் முன்கால் இரண்டையும் தூக்கும். அந்த மரியாதையை நான் கடைசிவரை காப்பாற்றினேன்.

ஐப்பசி முடியும்போது சாப்பாட்டை நிறுத்தியது. கரப்பான் அதன் காலடியிலேயே ஊர்ந்தாலும் பார்ப்பதில்லை. வயிறு கறுத்து மினுங்கியது. மூன்று வாரம் அப்படி. கார்த்திகையில் ஒரு சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். போத்தலின் அடியில் ஒரு மெத்தை கட்டி, அதன்மேல் மல்லாந்து கிடந்தது. கால்கள் எல்லாம் மேலே. அசைவு இல்லை.

செத்துவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? ஆனால் விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து நாங்கள் எதையும் வெளியே எறிய மாட்டோம், குப்பையைக்கூட. விடிந்ததும் எடுத்துப் போடலாம் என்று மூடியை இறுக்கிவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் போத்தலுக்குள் இரண்டு இருந்தன.

ஒன்று தரையில் கிடந்தது. அதன் முதுகு மூடிபோல் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்று பட்டையில் ஒட்டிக்கொண்டு, வெளிறி, கழுவி வைத்தது போல இருந்தது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எட்டு. நான் வெட்டிய இடத்தில் மற்றக் கால்களைவிட மெலிந்து, கொஞ்சம் குட்டையாக, ஒரு புதுக் கால்.

அடுப்பு மூட்டாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று ஞாயிறு இல்லை. இருந்தும் மகளுக்கு நானே போன் எடுத்தேன். ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு திரையில் வந்தாள். பூச்சி இருப்பதையே அவளிடம் நான் அதுவரை சொல்லவில்லை. போத்தலைக் காட்டினேன்.

"ஐயோ அம்மா! என்னாம்மா இது?"

"நம்ம வீட்டுல இருக்கு. ஆடியிலருந்து."

"இது டரன்டுலாம்மா! இங்க வீட்டுக்காரவங்க மகன் போன்ல பாத்துக்கிட்டே இருப்பான். விசமில்லியா?"

"என்னையக் கடிக்கல. கால் மொளச்சிருக்கு பாரு. எண்ணு."

எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள், சின்னப் பிள்ளையில் கொழுந்துக் கூடைகளை எண்ணியது மாதிரி. எட்டு வந்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அன்று மாலையே அவளே திரும்ப எடுத்தாள். விசாரித்துவிட்டாளாம். தோல் கழற்றும்போது மல்லாந்துதான் படுக்குமாம், அப்போது தொட்டால்தான் செத்துவிடுமாம். ஒரு வாரத்துக்குத் தீனி போடக்கூடாதாம். அடுத்த தோலுக்குக் கால் முழுசாக வளர்ந்துவிடுமாம்.

"பொம்பளையா இருந்தா பத்துப் பன்னண்டு வருசம் இருக்குமாம்மா."

"அப்ப நான் போன பொறகும் இருக்கும்."

"அப்பிடிச் சொல்லாதீங்க. நான் வந்து பாக்கணும் அத."

அதைப் பார்க்க வருகிறேன் என்றாள். என்னைப் பார்க்க வருகிறேன் என்று அவள் சொல்லாமல் விட்டதை நான் அப்போது கவனிக்கவில்லை; பிறகு கவனித்தேன், அதனால் என்ன என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை எடுத்தாள். "அந்த ஆளு என்னா செய்யுது? புதுக் கால் எப்பிடி இருக்கு? காட்டுங்க." நான் போனைப் போத்தலுக்கு நேரே பிடிப்பேன். பேச விஷயம் இருந்தது. கழற்றிய தோலை அவள் சொன்னபடி எறியாமல் பஞ்சு போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். நாங்கள் சிரித்ததும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கவே பேசினேன்.

தை மாதம் குளிர் வந்தது. விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். அடுப்புச் சந்தில் கரப்பான் இல்லை. மூன்று நாள் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வெயில் ஏறினால் தேயிலை மலையில் வெட்டுக்கிளி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லயத்துக்குக் கீழே இருப்பது பன்னிரண்டாம் நம்பர் மலை. நான் எத்தனையோ வருஷம் பறித்த மலை. கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.

வேலையில் இருந்த காலத்தில் எந்த மலையில் பூச்சி மருந்தடிக்கிறார்கள் என்பது காலைப் பெரட்டிலேயே தெரிந்துவிடும். ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது கணக்கப்பிள்ளை சொல்லுவார். மாடு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் நாலைந்து நாளைக்குப் புல் அறுக்கமாட்டார்கள். செக்றோல் வேலைப் பதிவிலிருந்து என் பெயரை எடுத்த பிறகு பெரட்டுக்களத்துப் பக்கமே நான் போனதில்லை. வேலை முடிந்த கிழவி இங்கே எதற்கு நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. ஆகவே இப்படிப்பட்ட சேதியெல்லாம் பக்கத்துக் காம்பராக்காரி வாயால்தான் எனக்கு வரும். அவள் வாய் ஆவணியோடு எனக்கு மூடிவிட்டது.

அன்று காலை நான் மலைக்கு இறங்க வெறும் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் தொழுவத்தில் அவள் குரல் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

"இந்தா, ஒனக்குத்தான் சொல்றேன், காது கேக்குதா..."

மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். முந்தின நாள்தான் பசுவைக் கிழட்டுப் பிடிவாதக்காரி என்று திட்டியிருந்தாள். மீதியைக் கேட்க எனக்கு மனமில்லை. அலுமினியச் சட்டியைத் தரையில் போட்டேன். மூடியை அதன்மேல் போட்டேன். வாளித் தண்ணீரைத் தொட்டியில் சடசடவென்று கொட்டினேன். அவள் குரல் இன்னும் உயர்ந்தது. நான் ரேடியோவைத் திருகினேன். அவள் நிறுத்தியதும் நானும் ரேடியோவை நிறுத்தினேன். ஜெயித்துவிட்டதாக இருந்தது எனக்கு.

பன்னிரண்டாம் நம்பர் மலையில் வெட்டுக்கிளி பிடிக்க ஒரு சிரமமும் இருக்கவில்லை. குளிரில் விறைத்துப்போய் இலைமேல் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன், தாவவில்லை. பச்சையாக, கொழுத்தது. அது ஏன் தாவவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

போத்தலில் போட்ட உடனே என் பூச்சி பாய்ந்து பிடித்தது. பட்டினி கிடந்ததல்லவா. சாயங்காலம் மகளிடம் சொன்னேன். "நல்ல தீனி போட்டிருக்கேன் இன்னிக்கி."

மறுநாள் அது ஆடியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கால்கள் ஒன்றுக்கொன்று சொல்லாமல் தனித்தனியே இழுத்தன. பட்டையில் ஏறப் போகும், விழும். முன்கால் பின்னால் போகும். புதுக் கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த தோல் கழற்றப் போகிறது, அதற்குத்தான் இந்தப் பாடு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பொழுது சாயும்போது நின்றுவிட்டது. தரையில் கவிழ்ந்து உட்கார்ந்து, கால்களையெல்லாம் உள்ளங்கையை மூடுவது போல அடியில் மடக்கிக்கொண்டது.

முன்பு மல்லாந்து கிடந்தது, இப்போது கவிழ்ந்து கிடக்கிறது. வித்தியாசம் தெரிந்தது எனக்கு. தெரிந்தும், தொடக்கூடாது, பொறுத்திருக்க வேண்டும் என்று இருந்தேன். போன தடவை பொறுத்ததால்தானே பிழைத்தது. மகள் போன் எடுத்தபோது, "தோல் கழட்டப் போகுது, வெளிச்சம் காட்டக்கூடாது" என்று சொல்லிப் போத்தல்மேல் துணியைப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் போனது. தினமும் துணியைத் தூக்கிப் பார்த்து, மூடினேன். தண்ணீர் மட்டும் மாற்றினேன், குடிக்க ஆள் இருப்பது போல.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, என் வாசலில் நிழல் தட்டியது. பக்கத்துக் காம்பராக்காரி நின்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பெரியம்மா, செவுத்து மேலால எறும்பு சாரசாரையாப் போகுது. ஒங்க பக்கந்தான்."

நான் அரிசி பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது செத்துருச்சு பெரியம்மா."

"தோல் கழட்டுது."

அவள் உள்ளே வந்து துணியைத் தூக்கினாள். அந்தப் போத்தலைக் கண்டால் வாசலோடு நிற்பவள், கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். எறும்பு மூடியின் ஓட்டை வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"என்னா தீனி போட்டீங்க?"

"வெட்டுக்கிளி."

"எங்க புடிச்சீங்க?"

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கிக் காலையில அவ்வளவு கத்துனேனே! பன்னெண்டாம் நம்பர்ல மருந்தடிச்சிருக்கு, ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் எதையும் எடுக்கக்கூடாதுன்னு. நீங்க போத்தலக் கழுவுறதப் பாத்துட்டுத்தான சொன்னேன்."

"நீ மாட்டுகிட்டச் சொன்ன."

"மாடு கட்டுலதான பெரியம்மா கெடக்கு. அது எந்த மலைக்குப் போகப் போகுது?"

அந்த மாடு தொழுவத்தை விட்டு வெளியே போய் நான் பார்த்ததில்லை. புல்லே அதைத் தேடித்தான் வரும். அவள் யாருக்குச் சொன்னாள் என்பது லயத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததால்தான் சட்டியை உருட்டினேன்.

"மன்னிச்சுக்க" என்று நான் சொல்லவில்லை. அவளும் பீலியில் பேசியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எறும்புக்கு மஞ்சள்தூள் எடுத்து வந்து சுவரோரம் போட்டுவிட்டுப் போனாள்.

சவுக்கு மரத்தின் அடிக்கட்டை இன்னும் ரோட்டோரம் இருக்கிறது. சாயங்காலம் ஆகுமுன் அதை அங்கே கொண்டுபோய், வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் கையால் தோண்டி வைத்தேன். உயிரோடு இருந்தபோது தொட்டதில்லை. செத்த பிறகுதான் விரல் பட்டது. பஞ்சைவிட லேசாக இருந்தது. புதுக் கால் எது என்று பார்த்தேன். எல்லாம் மடங்கிச் சேர்ந்து கிடந்ததில் பிரித்துத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் அடித்தது. எடுப்பதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். பிஸ்கட் டின்னிலிருந்து அந்தத் தோலை எடுத்துப் போத்தலுக்குள் பட்டைமேல் சாய்த்து வைத்தேன். திறந்த முதுகை அமுக்கி மூடினேன். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"என்னாம்மா, தோல் கழட்டிருச்சா?"

"கழட்டிருச்சு."

"காட்டுங்க, காட்டுங்க!"

மப்பு இறங்கியிருந்தது, காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு. போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தேன்.

"நல்லா இருக்கும்மா. அசையாம ஒக்காந்திருக்கு. புதுக் கால் பெருசாயிருச்சா? அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்க."

அந்தத் தோல் கால் முளைப்பதற்கு முன்னால் கழன்றது. அதில் ஏழுதான். வெட்டுப்பட்ட பக்கத்தை நான் பட்டையோடு ஒட்டி வைத்திருந்தேன்.

"மடக்கி வச்சிருக்கு" என்றேன். "குளிருல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் அதுவரை பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது.

மகள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா" என்றாள் கடைசியில். திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன்."

"மருந்து எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"அங்க மழையா?"

"மழை இல்ல. மப்புதான்" என்றேன்.